கறுப்பா இருந்தாலும்

ஆபீசில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்ப எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவைத் திறந்தபோது யூ.கே.ஜி. பிள்ளைகள் முப்பது பேரும் சத்தமில்லாமல் இருந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தால் எங்கேயோ ஏதோ கொட்டியிருக்கிறது, இல்லை உடைந்திருக்கிறது என்று அர்த்தம். பதினெட்டு வருடமாகத் திருப்பதியில் இந்த வேலையைப் பார்க்கிறேன். எனக்கு அது தெரியும்.

போர்டுக்குக் கீழே நாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள். வளையல் கடையில் கை நீட்டுவதைப் போல இரண்டு கையையும் முன்னால் நீட்டி வைத்திருந்தாள். ஒரு பையன் டஸ்டரால் அவள் முழங்கையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு பெண் சாக்பீஸைத் தரையில் உரசி, அந்தப் பொடியை விரல்நுனியில் எடுத்து, அவள் கன்னத்தில் பூசிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு பேரும் பூசாமல் விட்ட இடம் எது என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கேலி செய்யவில்லை. அடிபட்ட பிள்ளைக்கு மருந்து போடுவதைப் போல அவ்வளவு அக்கறையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் டஸ்டர் வைத்திருந்தவன், "தெல்லகா சேஸ்துன்னாம் டீச்சர்" என்றான். வெள்ளையாக்கிக்கொண்டிருக்கிறார்களாம். நல்ல காரியம் செய்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருக்கும் முகம் அவனுக்கு.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இமைகளில்கூட பொடி. "தெல்லகா அய்யானா?" என்று கேட்டாள். வெள்ளையாகிவிட்டேனா.

அந்தக் குழந்தை தான்சானியாவிலிருந்து வந்தவள். அவள் அம்மா இங்கே பல்கலைக்கழகத்தில் நிலக்கடலைக்கு வரும் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்தார். வந்தபோது பிள்ளைக்கு நாலு வயது. ஒரே வருடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளைப் போலத் தெலுங்கு பேசினாள். எங்கள் பள்ளிக்கூடத்து ஆயம்மா புத்தூர்ப் பக்கத்துத் தமிழச்சி. அவளோடு சேர்ந்து குழந்தை தமிழும் பேசுவாள். "தண்ணி குட்ச்சிக்கினு வரேன்" என்று அவள் சொன்னால் ஆயம்மா மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

அன்றைக்கு நான் செய்தது சரியில்லை. டஸ்டரைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள். அவளும் அழுதாள். டீச்சர் கத்துவது தன்னால்தான் என்று நினைத்துவிட்டாள். கண்ணீர் வழிந்த இடத்தில் பொடி கரைந்து இரண்டு கோடு விழுந்தது. அந்தக் கோட்டில் அவள் சொந்த நிறம் தெரிந்தது. அவள் அவசரமாகக் கையால் அதைத் தேய்த்து மறைத்தாள்.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கோபம் அந்த நாலு பேர்மேல் இல்லை. அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசிக்க யோசிக்க, ஊரில் ஒருவரையும் விட முடியவில்லை. கர்ப்பமாக இருக்கிறவளுக்குக் குங்குமப்பூ வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். பிரசவ வார்டில் குழந்தையைப் பார்த்ததும் எடையைக் கேட்பதற்கு முன்னால் நிறத்தைக் கேட்கிறவர்கள். கல்யாணத் தரகர்கள். சீரியல் எடுக்கிறவர்கள். அந்த வரிசையில் நானும் எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அது பின்னால் வந்தது.

நானும் கறுப்பு. நகரியில் விசைத்தறிக்காரர் வீட்டில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள். எங்கள் நைனா என்னைக் கூப்பிட்டதே "ஏய் கருவாச்சி" என்றுதான். ஆசையாகத்தான் கூப்பிடுவார். ஆசையாகக் கூப்பிட்டதால் கோபப்படக்கூட எனக்கு இடம் இல்லாமல் போனது. என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பம் காபி குடித்துவிட்டு எழுந்து போனது. மூன்றாவது குடும்பத்துப் பெரியம்மா ஒருத்தி படி இறங்கும்போது, எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, "விளக்கு போட்டும் தெரியல" என்றாள். இருபத்தைந்து வருடம் ஆகிறது. அவள் புடவை நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

சாக்பீஸ் நடந்த சாயங்காலமே குழந்தையின் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நின்றேன். என்னுடைய இங்கிலீஷ் பள்ளிக்கூட இங்கிலீஷ். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. கேட்டுவிட்டு, எங்கள் ஊர் தார் எஸ் ஸலாமில் இவளை யாரும் கறுப்பு என்று சொன்னதில்லை, அங்கே எல்லாரும் இவள் மாதிரிதான், இவள் கறுப்பு என்பதை இவள் திருப்பதியில்தான் தெரிந்துகொண்டாள் என்றார். குரல் உயரவில்லை. வீடு தேடி அலைந்தபோது ஏழு வீட்டில் கதவைத் திறந்த கையோடு மூடியதையும், ஒரு வீட்டுக்காரர் போனில் சரி என்று சொல்லிவிட்டு நேரில் பார்த்ததும் உறவுக்காரர் வருகிறார் என்று சொன்னதையும் அதே குரலில் சொன்னார்.

எனக்குக் கொதித்தது. வாங்க, கரஸ்பாண்டெண்டிடம் போய்க் கேட்போம், பெற்றோர் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவோம் என்றேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். உங்கள் கோபத்துக்கு விசா தேவையில்லை டீச்சர், என் கோபத்துக்குத் தேவை என்றார். பிறகு குழந்தையின் காது மடலில் ஒட்டியிருந்த பொடியைத் தன் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு நடந்தார்.

மறுநாளிலிருந்து குழந்தை முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். அது மார்ச் மாதம். திருப்பதி மார்ச்சில் ஸ்வெட்டர் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கழுத்தெல்லாம் வேர்த்து ஒழுகும். கழற்றச் சொன்னால் தலையை ஆட்டுவாள். ஆயம்மா ஒருநாள் கழற்றப் பார்த்தாள். குழந்தை அவள் கையைக் கடித்துவிட்டாள். ஆயம்மா என்னிடம் வந்து, "இன்னாம்மா இது, புள்ள அவிஞ்சி பூடுது. நீதான டீச்சரு, எதுனா பண்ணு" என்றாள்.

என்ன பண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர் டிரெய்னிங்கில் இதற்குப் பாடம் இல்லை. ஒருநாள் டிராயிங் பீரியடில் எல்லாரையும் தங்கள் முகத்தை வரையச் சொன்னேன். வரைந்தார்கள். அப்புறம் ஒரே பென்சிலுக்குச் சண்டை. "ஸ்கின் கலர் நாக்கு, ஸ்கின் கலர் நாக்கு" என்று முப்பது கைகள். தெலுங்கில் நாக்கு என்றால் எனக்கு. கலர் பென்சில் டப்பாவில் ஒரு வெளிறிய ரோஸ் பென்சில் இருக்கும். அதன் பெயர் ஸ்கின் கலர். டப்பாவில் அப்படி எழுதியிருக்கிறதோ இல்லையோ, நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். முப்பது தாளில் முப்பது ரோஸ் முகம். அவளுடையதும். சுவரில் மாட்டுவதற்காக வாங்கி அடுக்கிக்கொண்டே வந்தபோது என் கை நின்றது. யாருடைய தோல் இது? இந்த அறையில் இருக்கிற ஒருவருக்கும் இந்தத் தோல் கிடையாது. எனக்குக் கிடையாது. என் வீட்டில் யாருக்கும் கிடையாது. பதினெட்டு வருடமாக ஒவ்வொரு பிள்ளையிடமும் வேறு யாருடைய தோலையோ கொடுத்து, இதுதான் நீ, வரை என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லா டப்பாவிலிருந்தும் அந்தப் பென்சிலை எடுத்தேன். பிள்ளைகள் கத்தினார்கள். ஒவ்வொருவர் கையையும் வெள்ளைத் தாள்மேல் வைக்கச் சொல்லி, பக்கத்தில் பிரவுன், மஞ்சள், ஆரஞ்சு, ஊதா என்று உரசி உரசி, கையின் நிறம் வரும்வரை கலந்தோம். மூன்று நாள் ஆனது. தெலுங்கு பாடம் மூன்று நாள் பின்தங்கியது. டஸ்டர் பையனுக்குப் பிரவுனும் ஆரஞ்சும். எனக்குப் பிரவுனும் கொஞ்சம் கறுப்பும். அவள் முறை வந்தபோது ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. அடுத்த நாள் விரல்நுனியை மட்டும் வெளியே நீட்டினாள். பிரவுன் போட்டோம், போதவில்லை. ஊதா போட்டோம், பக்கத்தில் வந்தது. அவளே குனிந்து பார்த்துவிட்டு, சிவப்பு எடுத்து லேசாக உரசினாள். சரியாக வந்துவிட்டது. மற்றவர்களுக்கு இரண்டு பென்சில், தனக்கு மூன்று என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதை வகுப்பில் எல்லாரிடமும் போய்ச் சொன்னாள்.

ஸ்வெட்டர் அன்றைக்குக் கழன்றது என்று எழுத ஆசைதான். கழலவில்லை. இரண்டு வாரம் கழித்து, விளையாட்டு பீரியடில் தண்ணீர்த் தொட்டிக் குழாய் பிய்த்துக்கொண்டு அடித்ததில் எல்லாப் பிள்ளைகளும் நனைந்தார்கள். நனைந்த ஸ்வெட்டரை அவளே உருவிப் போட்டுவிட்டு ஓடினாள். அதற்கப்புறம் அதைக் கேட்கவில்லை. என் பாடம் வேலை செய்ததா, உடைந்த குழாய் வேலை செய்ததா, எனக்குத் தெரியாது.

கலர் பென்சில் காணவில்லை என்று நாலு பெற்றோர் ஆபீசில் புகார் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில்தான் சனிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். சந்திரகிரி ரோட்டில் ஒரு மாடி வீடு. சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அம்மா குழந்தைக்குத் தலை பின்னுவார். சீப்பின் பின்முனையால் வகிடு எடுத்து, தலையோடு ஒட்டிய சின்னச் சின்னப் பின்னல்களாகப் போட்டு, முனையில் மணி கோப்பார். மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்கப் பேச்சு. இந்த வரிசை உன் பெரிய அத்தை போடுவது, அவள் லாரி ஓட்டுகிறாள். இது உன் பாட்டியின் பாட்டி போட்டது, அவள் ஜெர்மன்காரன் ஆண்டபோது அவன் பண்ணையில் வேலை செய்ய மாட்டேன் என்று நடந்தே ஊரை விட்டுப் போனவள். குழந்தை பாதி கேட்கும், பாதி தூங்கும். நான் ஓரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுப்பேன். எங்கள் பிள்ளைகளுக்குத் தலை வாரும்போது நாங்கள் என்ன பேசுகிறோம் என்று யோசித்தேன். ஆடாதே என்போம். நேரமாகிவிட்டது என்போம்.

ஒரு சனிக்கிழமை, பின்னல் முடிந்து மணிகள் குலுங்க அவள் எழுந்து நின்றபோது, எனக்கு மனசு நிறைந்துபோய், எங்கள் ஊரில் சொல்வதை இங்கிலீஷில் சொன்னேன். கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா என்று. எங்களிடம் இதைவிட ஆசையான வார்த்தை கிடையாது. அவர் சீப்பைத் துடைத்துக்கொண்டே, ஏன் 'இருந்தாலும்' என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். அவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அழகாக இருக்கிறாள் என்று சொல்ல வந்தீர்கள், நடுவில் அந்த வார்த்தை எதற்கு? அழகுக்கும் கறுப்புக்கும் என்ன தகராறு?

பையை எடுத்துக்கொண்டு மாடி இறங்கினேன். ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது கண்ணில் நீர் வந்தது. முதலில் அவர்மேல் கோபம். நல்லது சொல்ல வந்தவளிடம் வார்த்தை பிடித்துப் பேசுகிறாரே என்று. பிறகு, அந்த வார்த்தையை என்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் நான் எப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வர, கோபம் போகவேண்டிய இடத்துக்குப் போனது.

ஏப்ரல் கடைசியில் அட்மிஷன் ஆரம்பித்தது. எங்கள் கரஸ்பாண்டெண்ட் புது பேனர் அடிக்க முடிவு செய்தார். இந்த வருடம் பள்ளியின் பெயருக்குக் கீழே இன்டர்நேஷனல் என்று சேர்க்கப் போவதாகவும், அதற்கு அந்தக் குழந்தையின் படம் நடுவில் வேண்டும் என்றும் சொன்னார். அம்மாவிடம் அனுமதி கேட்டார்கள். அவருக்குச் சந்தோஷம்தான். மகள் ஊருக்கு நடுவில் பெரிதாக நிற்கப் போகிறாள், அவளுக்கு அது நல்லது என்று என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். போட்டோ எடுக்கிற அன்று புது மணி கோத்துக்கொண்டு வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள்.

பேனர் அலிபிரி போகிற ரோட்டில், சிக்னலுக்குப் பக்கத்தில் ஏறியது. வேலை முடிந்து அவர்களோடு சேர்ந்தே பார்க்கப் போனேன். குழந்தை எங்களுக்கு முன்னால் ஓடினாள். ஓடியவள் நின்றாள்.

நடுவில் இருந்தது அவள்தான். அதே மணிகள், அதே சிரிப்பு, அதே கட்டிய கை. ஆனால் முகம் ரோஸ். கை ரோஸ். மாம்பழத் தோல் பழுத்து மஞ்சளாகிற இடத்தில் ஒரு சிவப்பு ஏறுமே, அந்த மாதிரி கன்னம். மூக்கைக்கூட கொஞ்சம் ஒடுக்கியிருந்தார்கள். இன்டர்நேஷனல் என்று காட்ட ஆப்பிரிக்கப் பிள்ளை வேண்டும், ஆனால் அவள் ஆப்பிரிக்கப் பிள்ளையாகத் தெரியக் கூடாது.

குழந்தை திரும்பினாள். முகம் முழுக்க வெளிச்சம். "மாமா, சூடு" என்று அம்மாவைக் கூப்பிட்டாள். அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மா, தெலுங்கில் சூடு என்றால் பார். நான் வெள்ளையாகிவிட்டேன் என்றும் தெலுங்கிலேயே சொன்னாள். ரோட்டில் அத்தனை வண்டிச் சத்தத்தில் எனக்கு அது மட்டும் கேட்டது.

அவள் அம்மா பேனரை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கோபம் வந்தால் அவருக்கு உடம்பு ஆடாமல் நின்றுவிடும். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இது அடித்த கடை எங்கே என்று என்னிடம் கேட்டார்.

பேனரின் ஓரத்தில் கடையின் போன் நம்பர் இருந்தது. போன் போட்டு வழி கேட்டு, மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். கடையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர்தான் இருந்தார். முப்பது முப்பத்தைந்து வயது. தமிழ்நாட்டு எல்லையோரம் வரதய்யபாளையம் பக்கம். என் தெலுங்கைக் கேட்டதும் தமிழில் பேச ஆரம்பித்தார். நான் கத்தத் தயாராகப் போயிருந்தேன். அவரைப் பார்த்ததும் என்னால் கத்த முடியவில்லை. என்னைவிடக் கறுப்பு.

இந்தப் பிள்ளை முகத்தை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எல்லாருக்கும் இப்டிதான்கா பண்றது. எவர் வந்தாலும் முதல்ல கலர் ஏத்திட்டுதான் மத்த வேலையே. வேணான்னு இதுவரிக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார். சொல்லிக்கொண்டே அந்தப் படத்தைத் திறந்து, ஒரு தட்டு தட்டினார், அவள் கறுப்பு. இன்னொரு தட்டு, ரோஸ். இன்னொரு தட்டு, கறுப்பு. குழந்தை வாய் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டி மானிட்டரை மறைத்தேன். நிறுத்துங்க என்றேன்.

அவர் பயந்துவிட்டார். தப்பா எடுத்துக்காதீங்கக்கா என்றார். டீச்சர்கள் எல்லாரும் நின்று எடுத்த படமும் அந்தப் பேனரில் ஓரத்தில் இருந்தது. அதில் நானும் இருந்தேன். என்னையும் வெளுத்திருந்தார்கள். அதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் முகம் அப்படித்தான் எல்லாப் படத்திலும் இருக்கும் என்று எனக்குப் பழகிவிட்டது.

குழந்தையின் அம்மா கேட்டது ஒன்றுதான். முதலில் எடுத்த படத்தை, எதுவும் செய்யாமல், ஒரு பிரின்ட் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். அம்மா கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

மறுநாள் கரஸ்பாண்டெண்ட் அறைக்கு நான் மட்டும் போனேன். பேனரை மாற்ற வேண்டும் என்றேன். அழகாகத்தானே செய்திருக்கிறோம், பிள்ளையை அசிங்கமாகவா காட்டினோம் என்றார். நான் கதவைச் சாத்தவில்லை. வேண்டுமென்றேதான். வெளியே ஒரு பெற்றோர் கும்பல் அட்மிஷன் ஃபாரம் எழுதிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த தெலுங்கில், வந்த இங்கிலீஷில், அதுவும் போதாமல் நகரித் தமிழில் பேசினேன். பிள்ளைங்க டஸ்டர்ல பூசினாங்க, நீங்க ஃப்ளெக்ஸ்ல பூசறீங்க, இன்னா வித்தியாசம் என்று கேட்டேன். அந்த நாலு பிள்ளைகளுக்காவது ஐந்து வயது, உங்களுக்கு என்ன வயது என்று கேட்டேன். அவர் ஃபேனைப் பார்த்தார். ஃபாரம் எழுதிக்கொண்டிருந்த ஒரு அம்மா பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

நாலாம் நாள் பேனர் மாறியது. அவள் சொந்த முகத்தோடு மாறவில்லை. அவளையே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் எங்கிருந்தோ எடுத்த ஒரு வெள்ளைக்காரப் பையன் பூமி உருண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிரச்சினை தீர்ந்ததா டீச்சர் என்று கரஸ்பாண்டெண்ட் என்னிடம் கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

நான் வேலையை விடவில்லை. விட்டிருந்தால் சொல்வதற்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் சித்தூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். என் நிறம். சாப்பிடும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் கலந்தது, கடைக்குப் போனது, கரஸ்பாண்டெண்டைக் கேட்டது. சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் ஒரு பெருமை வந்தது. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும், "அந்தப் புள்ளைக்குக் கலர் பென்சில் கலந்து குடுத்த. எனக்குக் கடலமாவுதான கலந்து குடுத்த" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. அவள் குரல் உயரவில்லை, கை மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனது நான்தான். கொஞ்சம் கலராகப் போடப்பா என்று சொன்னதும் நான்தான். பரீட்சை ஹாலில் அந்த இன்விஜிலேட்டர் போட்டோவைப் பார்க்கிறார், இவளைப் பார்க்கிறார், மறுபடியும் போட்டோவைப் பார்க்கிறார். இது நீதானா என்று சத்தமாகக் கேட்கிறார். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். ஹால் முழுக்கச் சிரிக்கிறது. கணக்குப் பரீட்சை. முதல் அரைமணி நேரம் ஒரு கணக்கும் போடவில்லை.

ஐந்து வருடமாக அவள் இதை எனக்குச் சொல்லவில்லை. அந்த மார்க்குக்காக நான் அவளைத் திட்டியது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா இன்னா பண்ணியிருப்ப? அடுத்த வாட்டி இன்னும் கொஞ்சம் பூசிக்கினு போன்னு சொல்லியிருப்ப" என்றாள். அப்படித்தான் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போனாள். அந்த ஆட்டலுக்குச் சரி என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா என்று நான் கேட்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசியதும் இல்லை. இப்போது போன் செய்தால் முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பேசுகிறாள். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

குழந்தையின் அம்மா பிரின்ட் போட்டு வாங்கிய படத்தை வீட்டு வாசற்கதவின் உள்பக்கம், குழந்தையின் கண் உயரத்தில் ஒட்டினார். வெளியே கிளம்பும்போதெல்லாம் இது யார் என்று கேட்பார். முதல் வாரம் குழந்தை, "நான். கறுப்பா இருக்கும்போது" என்றாள். அம்மா திருத்தவில்லை. தினமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை நான் போனபோது, செருப்பு மாட்டிக்கொண்டே, என்ன முட்டாள் கேள்வி என்பதுபோல, "நான்தான்" என்றாள். ஒருநாள் கடையில் ஒரு டால்கம் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்றும் அவள் அம்மா சொன்னார். இரண்டும் நடந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த ஜூனில் ஆராய்ச்சியின் கடைசிப் பகுதிக்காக அவர்கள் ஐதராபாத் போக வேண்டி வந்தது. வழியனுப்ப நான் திருப்பதி ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரம் முழுக்க மொட்டைத் தலையும் சந்தனமும் லட்டுப் பையுமாகக் கூட்டம். ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. பேச நிறைய வைத்திருந்தேன். அதற்குள் ஒரு குடும்பம் எங்களை நோக்கி வந்தது. அந்த ஆள் போனைத் தூக்கிக்கொண்டு, என்னையோ அம்மாவையோ கேட்காமல், குழந்தையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, ஒரு செல்ஃபி என்றார்.

குழந்தை தோளை உருவிக்கொண்டாள். "எந்துக்கு?" என்று கேட்டாள். எதற்கு என்று.

அவர் சிரித்தார். தெலுங்கு பேசுதுடி என்று மனைவியிடம் காட்டினார். குழந்தை சிரிக்கவில்லை. மறுபடியும் கேட்டாள், எந்துக்கு? அந்த ஆள் போனைத் தாழ்த்தவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அம்மாவின் பெட்டிமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆறு வயது. நாற்பத்தேழு வயதுவரை எனக்கு வராத கேள்வி.

அந்த ஆள் போய்விட்டார் என்று நினைத்தேன். பத்தடி தள்ளி நின்று, தூரத்திலிருந்து அவளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் போனேன். அழிங்க என்றேன். போட்டோதானே மேடம், அழகாத்தானே இருக்கு என்றார். அழித்தால்தான் நகருவேன் என்று நின்றேன். கூட்டம் கூடியது. யாரோ என்னைச் சமாதானப்படுத்தினார்கள், கோயிலுக்கு வந்த இடத்தில் எதற்கு என்றார்கள். அவர் ஒன்றை அழித்தார். இன்னொன்று இருக்கிறது, காட்டுங்க என்றேன். அதையும் அழித்தார். அதற்குள் ரயில் வந்து நின்று, ஏறுகிறவர்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடிவந்து பார்த்தபோது அவர்கள் உள்ளே போயிருந்தார்கள். அம்மா ஜன்னல் கம்பி வழியாக என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொன்னார், சத்தத்தில் கேட்கவில்லை. குழந்தை அதற்குள் மேல் பெர்த்தில் ஏறி, காலைத் தொங்கவிட்டு, வேர்க்கடலை தின்றுகொண்டு, எதிர் சீட்டுப் பையனிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. இருபது நிமிடத்தில் பதினைந்தை அந்த ஆளிடம் நின்று தொலைத்திருந்தேன். ரயில் நகர்ந்தது. அந்த ஆள் இன்னும் பிளாட்பாரத்தில்தான் நின்றிருந்தார், மனைவியிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டு. நான் அவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. தாண்டும்போது தலையைக் குனியவில்லை.